கூட்டம் கீறுகிறவர்

அவர் எங்களில் ஒருவரையும் நேராகப் பார்த்ததில்லை. கண்ணாடிக்குள்ளால்தான் பார்ப்பார்.

பாரிசின் லா சப்பலில் நாங்கள் எடுத்து நடத்திய சாப்பாட்டுக்கடை முன்பு ஒரு கஃபேயாக இருந்தது. முந்தின முதலாளி விட்டுப்போன பெரிய கண்ணாடி ஒன்று பின்சுவரை நிறைத்திருந்தது. கழற்றப்போனால் சுவரும் சேர்ந்து வந்துவிடும் என்று என் கணவர் அதை அப்படியே விட்டுவிட்டார். மத்தியானச் சனம் கலைந்த பிறகு அந்த மனிதர் வருவார். அறுபது வயதிருக்கும். கட்டையான உடம்பு, நன்றாக வாரிய நரைத்த தலை, எந்தக் குளிரிலும் ஒரே மண்நிறக் கோட்டு. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் இருந்த மூலை மேசையில் இருப்பார். ஒரு பிளேன்ரீ கேட்பார். பிறகு மேசையில் விரித்த கடதாசியில் ஒரு மூலையைக் கிழித்தெடுத்து, கட்டைப் பென்சிலால் எதையோ கீறுவார். கீறுவதும் கண்ணாடியைப் பார்ப்பதுமாக ஒரு மணித்தியாலம் போகும். எழும்பும்போது அந்தக் கடதாசியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கோப்பைக்கு அடியில்கூட ஒரு துண்டு மிஞ்சாது.

2009ஆம் ஆண்டு இலையுதிர்காலம் அது. ஊரில் யுத்தமும் எல்லாமும் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடைக்கு வருகிறவர்கள் ரெலிபோனைப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். எங்கே இருக்கிறாரென்று தெரியாத ஒருவர் எல்லாருடைய வீட்டிலும் இருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் தெரியாத மனிதர் ஒருவர் வந்திருந்து, முகங்களைக் கீறி, கீறியதைக் கிழித்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

முதலில் வாயைத் திறந்தவர் சிவராசா அண்ணை. பக்கத்துப் புடவைக்கடை அவருடையது. ஆனால் நாளில் பாதி எங்கள் கடையில்தான் கழியும்.

"தங்கச்சி, அவன் கொழும்பு மலாய்க்காரன்," என்றார். "மூஞ்சையைப் பார். அவங்களுக்குள்ளை கனபேர் பொலிசிலை இருந்தவங்கள். சிறீலங்கா எம்பசி அனுப்பின ஆள்."

"பிலிப்பைன்ஸ் எண்டு சொல்லுறார் அண்ணை."

"வேறையென்ன சொல்லுவான்?"

அடுத்த நாள் அண்ணை அவருக்குப் பின்னால் போய் நின்று, சிங்களத்தில் திடீரென்று சுகம் கேட்டார். அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, சிரித்து, "போன்ஜூர் மிஸ்யே," என்றார். அண்ணை என்னிடம் வந்து குனிந்து சொன்னார்: "ஒரு சொட்டும் திடுக்கிடேல்லை. பழகின ஆள்."

அவரோடு முதலில் கதைத்தது நான்தான். அதுவும் பிட்டால் வந்த கதை. ஒருநாள் பக்கத்து மேசைக்கு நான் பிட்டுக் கொண்டுபோனபோது அதன் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தங்கள் ஊரிலும் அரிசிமாவில் அவிக்கிற ஒன்று இருக்கிறதாம், அதற்குப் பெயர் பூத்தோவாம். அன்றிலிருந்து தேநீரோடு பிட்டும் கேட்பார். அதன்மேல் கறி விடவிடமாட்டார். சீனிதான் தூவிச் சாப்பிடுவார். இதைச் சொன்னதும் சிவராசா அண்ணைக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. "மலாய்க்காரர் வீட்டிலை பிட்டு விசேசம் எண்டு உனக்குத் தெரியாதோ?"

எங்கள் இரண்டு பேருடைய பிரெஞ்சும் நொண்டிதான். இருந்தாலும் என்ன வேலை என்று கேட்டேன்.

"படக்கதை, மதாம். பொந்த் தெசினே."

பதினாறு வயதில் மணிலாவில் தொடங்கினாராம். கிழமைக்கு ஒன்றாக வருகிற படக்கதைச் சஞ்சிகைகள். சின்னப் பெட்டிக்கடைகளில் கயிற்றில் கொழுவிவிட்டிருப்பார்களாம். சனம் வாங்காது, வாடகைக்கு எடுத்துக் கடை வாங்கிலே இருந்து வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். ஒரே நேரத்தில் நாலைந்து தொடர்கள் கீறினாராம். அழுகிற தாய்மார், பணக்கார மருமகள், இடுப்போடு பிரிந்து இரவில் பறக்கிற பேய்ப் பெண். "என் பேய்க்குக் குழந்தைகள் பயந்தார்கள்," என்று சொல்லிச் சந்தோசப்பட்டார். பிறகு எல்லாரும் தொலைக்காட்சிக்குப் போக, சஞ்சிகைகள் ஒவ்வொன்றாய் நின்றன. கொஞ்சக் காலம் தபாலில் வருகிற அமெரிக்கப் படக்கதைகளின் பென்சில் கோடுகளுக்கு மை போட்டார். மனைவிக்குப் பாரிசில் ஒரு பெரிய வீட்டில் வேலை கிடைத்தது. அவரும் பின்னால் வந்தார். அந்த வீட்டின் உச்சி மாடியில் ஒரு சின்ன அறை. அங்கேயிருந்து இங்குள்ள சித்திரக்காரர்களுக்கு வேலை செய்தார்.

"அவர்கள் கதாநாயகனைக் கீறுவார்கள். நான் பின்னால் நிற்கிற கூட்டத்தைக் கீறுவேன். சந்தை, துறைமுகம், புரட்சி. கூட்டத்துக்கு முகம் வேண்டும் மதாம். முகம் இல்லாவிட்டால் அது கூட்டம் இல்லை, புல்லு."

நான் தலையாட்டினேன். நம்பினேன் என்று சொல்லமாட்டேன். கீறுகிறவர் ஏன் கிழிக்கவேண்டும்? அதைக் கேட்டபோது தேநீரைக் கலக்கிக்கொண்டே, "கைக்குத் தெரிந்துவிட்டது. கடதாசிக்குத் தெரியத் தேவையில்லை," என்றார். இதைச் சிவராசா அண்ணையிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் குசினியில் அப்போது ரூபன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். முப்பது வயது. வந்து ஒரு வருசமாகவில்லை. அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகியிருந்தது. அவன் சொன்னதில் தெளிவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஆரோடும் அதிகம் கதைக்கமாட்டான். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் குசினிச் சாளரத்தால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேலையைச் செய்வான். நாடியின் கீழ் ஒரு நீளத் தழும்பு இருந்தது. அதைப்பற்றி நாங்கள் கேட்டதில்லை.

ஒருநாள் பிலிப்பைன்காரர் போன பிறகு மேசை துடைக்கப் போன ரூபன், கதிரையின் கீழே ஒரு துண்டைக் கண்டெடுத்தான். பாதி முகம்தான் இருந்தது. ஒரு நாடி, அதன் கீழே ஒரு தழும்பு. அவன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். 

"அக்கா, இது நான்."

மறுநாள் அவர் வந்ததும் சிவராசா அண்ணை கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலரும் எழும்பினார்கள். பையில் இருப்பதை எடுத்து வைக்கச் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. கோட்டின் பைகளைத் திருப்பி வெளியே விட்டார். உதிர்ந்ததெல்லாம் முகத் துண்டுகள். மூக்குகள், காதுகள், என்னுடைய நெற்றியும் ஒரு பொட்டும். சிவராசா அண்ணையின் மீசை மட்டும் தனியாகக் கிடந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆருக்குக் குடுக்கிறாய்?" அண்ணை பிரெஞ்சில் கேட்டார்.

"கூட்டத்துக்கு," என்றார் அவர். அதை யாரும் விளங்கிக்கொள்ளவில்லை.

அன்று பின்னேரமே அவர் திரும்பி வந்தார். கையில், இன்னும் விற்பனைக்கு வராத பெரிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் மாதிரிப் பிரதி இருந்தது. அதைக் கல்லாவுக்கு முன்னால் விரித்து வைத்தார். இருநூறு வருசத்துக்கு முந்திய ஒரு துறைமுகம். கப்பலில் இருந்து அழகான ஒருவன் இறங்குகிறான். கரையில் நூற்றுக்கணக்கில் சனம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த மாதிரியும் இருந்தது, ஒருவரையும் தெரியவும் இல்லை. ஒரு மீன்காரனில் சிவராசா அண்ணையின் மீசை இருந்தது. ஆனால் அந்தக் கண்கள் தெருமுனை இறைச்சிக்கடை அல்ஜீரியருடையவை. எவருடைய முகமும் முழுதாக அங்கே இல்லை.

"இப்படித்தான்," என்றார் அவர். "ஒருவருக்கும் நோகாது."

அண்ணை முன்னட்டையைப் பார்த்தார், பின்னட்டையைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். "இவன்ரை பேர் எங்கை?"

பெயர் எங்கும் இல்லை. கூட்டம் கீறுகிறவருக்குப் பெயர் போடுவதில்லையாம்.

"ஆற்றையோ புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுறான்," என்றார் அண்ணை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மீசையைக் கண்ட பிறகும் தோன்றியது.

அதற்குப் பிறகு வந்த கிழமை, மெற்றோ வாசலில் பொலிஸ் மறித்து விசாப் பத்திரம், 'பப்பியே', கேட்டதில் ரூபன் பிடிபட்டான். தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாசலில் மறிப்பது புதிதல்ல. அன்று அவனோடு மாலிக்காரர், வங்காளதேசத்தவர் என்று இன்னும் பலரைப் பிடித்திருந்தார்கள். ஆனால் கடையில் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. "படம் போன இடம் இப்ப தெரியுதோ?" என்றார் சிவராசா அண்ணை. அந்தக் கிழமை பிலிப்பைன்காரர் கடை வாசலுக்கு வந்தபோது என் கணவரே வெளியே போய், உள்ளே வரவேண்டாம் என்று சொன்னார். அவர் ஏனென்று கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துவிட்டுப் போனார்.

நீதிபதி ரூபனை விட்டுவிட்டார். அவனுடைய வழக்கறிஞர் பெண்மணி அகதி வழக்கைத் திரும்ப எடுப்பிக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் புதிதாக ஏதாவது காட்டவேண்டும். ஊரில் அவனைப் பிடித்துவைத்து விசாரித்த இடம் எப்படி இருந்ததென்று கேட்டால் ரூபனுக்கு வாய் அடைத்துவிடும். "வாயாலை வராட்டிப் படமாக் கீறிக்காட்ட ஏலுமோ எண்டு லோயர் கேட்டவ அக்கா," என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் கீறத் தெரியாது. கீறத் தெரிஞ்ச ஆள் ஒராள்தான் இருக்கு," என்றான்.

"உனக்கு விசரோ?" என்றார் சிவராசா அண்ணை.

"எம்பசி ஆளெண்டால் அவருக்கு அந்த இடம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும் அண்ணை. எனக்கு இனி என்ன பயம்?"

அவர் அடிக்கடி போகிற பிலிப்பைன்ஸ் தேவாலயத்தில் சொல்லிவிட்டு அவரை வரவழைத்தேன். வந்தார். முதல் தடவையாகக் கதிரையைத் திருப்பிப்போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, ரூபனுக்கு நேர் முன்னால் இருந்தார். ரூபன் தமிழில் சொன்னான், நான் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன், அவர் கீறினார். பல பின்னேரங்கள் இது நடந்தது.

அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கின்றன. வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வந்தது? கதவின் தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா? முழங்காலில் இருக்கும்போது நிலம் குளிராக இருந்ததா, சொரசொரப்பாக இருந்ததா? எங்கே பார்க்கச் சொன்னார்கள்? எங்கே பார்க்கக்கூடாது என்றார்கள்? ரூபன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, பழைய அரிசி ஆலை ஒன்று கடதாசியில் எழும்பி வந்தது. தவிட்டுக் குவியல், தகரக் கூரையின் ஓட்டை, சுவரில் குழந்தைப் படம் போட்ட ஒரு கலண்டர். கலண்டரைக் கண்டதும் ரூபன் எழும்பிப்போய்க் குசினிக்குள் நின்றான். அதைத் தான் சொன்னது தனக்கே தெரியாதென்றான்.

எனக்கோ வேறொரு நினைப்பு. இவர் இதையெல்லாம் கேட்க எங்கே பழகினார்? பேய்க்கதை கீறுகிறவருக்கு இப்படிக் கேட்க ஏன் தெரியவேண்டும்?

கடைசி நாள் ரூபன் சொன்னான்: "இனி அவன்ரை முகம்."

அவனை விசாரித்த அதிகாரியைத்தான் சொன்னான். படங்களில் அந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அல்லது நிழலில் நின்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் பென்சிலை மேசையில் வைத்தார்.

"இல்லை. முகம் இல்லை."

"அக்கா, நான் சொல்லுறன், அவர் கீறினால் போதும் எண்டு சொல்லுங்கோ. மூக்கு எனக்குத் தெரியும். கண் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா மறந்துகொண்டு வருது. இப்ப கீறாட்டி இனி எனக்கு வராது."

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அறை கீறுவேன். கதவு கீறுவேன். முகம் கீறமாட்டேன்."

ரூபன் மேசையில் ஓங்கி அடித்தான். கோப்பை விழுந்து உடைந்தது. வாசலில் நின்ற சிவராசா அண்ணை மெதுவாகச் சொன்னார்: "பாத்தியளே. தன்ரை ஆளைக் காப்பாத்திறான்."

பிலிப்பைன்காரர் படங்களை அடுக்கி எனக்கு முன்னால் தள்ளி வைத்தார். ஒன்றையும் கிழிக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு நான் சிவராசா அண்ணைக்கு மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. 

குளிர்காலம் முடிகிற நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலிப்பைன்காரருடைய மனைவி வந்தார். மெல்லிய, நிமிர்ந்த பெண். கணவரைவிட நல்ல பிரெஞ்சு. அவருக்குக் காய்ச்சல் என்றும் பிட்டுக் கேட்கிறார் என்றும் சொன்னார். நான் கட்டிக் கொடுத்தேன். பிறகும் போகாமல் நின்றார்.

"அந்தத் தம்பி கோபமாக இருக்கிறாரா?"

"ஓம்," என்றேன் தமிழிலேயே.

அப்போதுதான் சொன்னார். மணிலாவில் இராணுவச் சட்டமும் ஊரடங்கும் இருந்த காலம். கணவருக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. அவருடைய தொடர் ஒன்று எல்லா வீட்டிலும் வாசிக்கப்பட்டது. ஒருநாள் ஆட்கள் ஜீப்பில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த அதிகாரியும் அந்தத் தொடரின் வாசகர். அடுத்த கிழமை கதாநாயகிக்கு என்ன நடக்கும் என்றுதான் முதலில் கேட்டாராம். பிறகு கட்டிவைத்திருந்த ஒருவரைக் காட்டி, இவன் சொல்லச் சொல்ல இவனுடைய கூட்டாளியின் முகத்தைக் கீறு என்றார். கீறினார். கட்டப்பட்டிருந்தவர் பயத்தில், இந்த மூக்கா இந்தக் கண்ணா என்று கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமென்றார். இவருடைய கை தானாக, தனக்குத் தெரிந்த முகம் ஒன்றைக் கீறிவிட்டது. இரண்டு நாளில் அவருடைய தெருவில் இருந்த தையல்காரரைக் கொண்டுபோனார்கள்.

"அந்தத் தையல்காரருக்கு ஒன்றும் தெரியாது மதாம். இவர் தினமும் அவருடைய கடையைத் தாண்டிப் போவார். அவ்வளவுதான்."

நான் கல்லா மேசையைத் துடைத்தேன்.

"ஒரு தடவைதான் கீறினார்," என்றார். பிறகு நான் கேளாமலே, "ஒரு தடவைதான்," என்று இன்னொருமுறையும் சொன்னார்.

வழக்கு முடியும்வரை ரூபனுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெரிந்தால் அவன் அந்தப் படங்களையும் நம்பமாட்டான், நம்பாமல் கொண்டுபோய்க் கொடுத்தால் அது அவன் முகத்தில் தெரியும் என்றார். அது சரியென்று பட்டது. என் கணவருக்குக்கூட நான் சொல்லவில்லை.

ஆனால் என் மனம் ஆறவில்லை. முன்பு இருந்தது ஒரு சந்தேகம், இப்போது இருந்தது வேறொன்று. நாங்கள் முழுதாகப் பிழைவிடவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. எங்களுடைய ஆட்களைக் காட்டிக்கொடுக்க வந்தவரல்ல அவர். ஆனால் கட்டிவைத்த மனிதர் ஒருவருக்கு முன்னால் பென்சிலோடு இருந்தவர். அங்கேயும் அவர் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டிருப்பாரோ? இரண்டாவது தரம் சொன்ன அந்த "ஒரு தடவை" யாருக்காகச் சொன்னது?

ரூபனுக்கு வழக்கு வென்றது. படங்கள் உதவினவோ, வழக்குக்குப் புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளர் உதவினாரோ தெரியாது. வதிவிட அனுமதிக் காட் கையில் கிடைத்ததும் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

சில வருசங்களுக்குப் பிறகு அவர் ஒருமுறை வந்தார். மனைவிக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, ஊருக்குப் போகிறோம் என்றார். ஒரு கண்ணில் படலம் விழுந்திருந்தது. சீனி தூவிய பிட்டைச் சாப்பிட்டார். பென்சில் எடுக்கவில்லை. கடையில் சனம் குறைவு. கேட்க நினைத்ததை நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்.

"பாரிசிலை எத்தனை கடை இருக்குது. ஏன் எங்களிட்டை வந்தனீங்கள்?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "மற்ற இடங்களில் எல்லாரும் தங்கள் பீங்கானைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். நீங்கள் அந்த வருசம் கதவைப் பார்த்துச் சாப்பிட்டீர்கள். அந்த முகம் எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கீறிப் பார்த்ததில்லை. என் ஊரில் அப்போது நான் கதவைப் பார்க்கவில்லை, கடதாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

இதற்கு நான் கோபப்பட்டிருக்கவேண்டும் என்று பிறகு தோன்றியது. எங்களுடைய அந்த வருசத்தை அவர் துண்டு துண்டாய் எடுத்து, எங்கேயோ ஒரு கதாநாயகனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். ஆனால் அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பினேன். சிவராசா அண்ணை தன் கடைப் படியில் நின்று, அவர் மெற்றோப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "போறான்," என்று மட்டும் சொன்னார்.

போன வருசம் ரூபன் கடைக்கு அரிசி மூட்டைகளோடு வந்தான். இப்போது சொந்த வான், பொண்டியில் வீடு, இரண்டு பிள்ளைகள். இறக்கி முடித்துவிட்டு, தேநீரை வாங்கிக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, பொபினித் தரிப்பிலை ட்ராமுக்கு நிக்கேக்கை ஒராளைக் கண்டனான். அவன் மாதிரிக் கிடந்தது."

எவன் என்று நான் கேட்கவில்லை. ஆலையில் விசாரித்தவன்தான்.

"அவனே தானோ?"

"தெரியாது. நான் பின்னாலை ஏறினனான். கையிலை ஒரு பிள்ளை வைச்சிருந்தார். பிள்ளைக்குச் சப்பாத்துக் கழண்டு விழ, நான்தான் எடுத்துக் குடுத்தனான். கிட்டத்திலை பாத்தும் எனக்குத் தெரியேல்லை அக்கா. மூக்கு அதுதான் போலை கிடந்தது. குரல் வேறை. அடுத்த தரிப்பிலை இறங்கிட்டன். அண்டைக்கு அந்தாள் ஒரு முகத்தைக் கீறித் தந்திருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

இனி மறைத்து என்ன என்று எனக்குத் தோன்றியது. ஜீப்பையும் அதிகாரியையும் தையல்காரரையும் அவனுக்குச் சொன்னேன். அவன் கோப்பையைக் கையில் வைத்தபடியே கேட்டான். ஆறிப்போகும் வரைக்கும் குடிக்கவில்லை.

"அந்தத் தையல்காரர் திரும்பி வந்தவரோ?" என்றான்.

"நான் அதைக் கேக்கேல்லை."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எங்கள் வீடுகளில் அதைத்தானே முதலில் கேட்போம். அந்த அம்மாவும் அவரும் ஊருக்குப் போய்விட்டார்கள், இனிக் கேட்க ஆளில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ரூபன் தேநீரை ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தான். வான் திறப்பை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனவன் திரும்பி நின்றான்.

"எண்டாலும் அக்கா, எனக்கு அவர் கீறித் தந்திருக்கலாம்."

அது பிழையென்று அவனுக்குச் சொல்ல என்னால் முடியவில்லை.